வேணாம்னு சொல்லு கண்ணு

போன வருடம் ஒரு பௌர்ணமி அன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தது இது. நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரே வருடத்தில் நன்றாகக் குண்டாகிவிட்டாள். வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் உட்கார்ந்தே நாற்காலி தேய்க்கும் எனக்கு என் தொப்பை கண்ணில் படவில்லை, அவள் எடைதான் பட்டது. எடை மெஷின் வாங்கி ஞாயிறுதோறும் அவளை ஏற்றி நிறுத்தினேன். ராத்திரி தோசையைக் குறைத்தேன். எடை இறங்குவதாக இல்லை. மலையைச் சுற்றினால் புண்ணியமும் சேரும், உடம்பும் இளைக்கும் என்று கணக்குப் போட்டு, சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பௌர்ணமி என்றால் வழியெல்லாம் அன்னதானம்தான். முதல் பந்தலில் சுண்டல் வாங்கினாள். அடுத்ததில் புளியோதரை. அதற்கடுத்த பந்தலில் சாம்பார் சாதத்துக்கும் கையை நீட்டியதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எவ்ளோதான் துன்னுவ? வயிறா அது?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்க்காமல் என் மகளிடம் குனிந்தார்.

"பசிக்குதா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் வாங்குற?"

"வேணாம்னு சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்க இல்ல?"

அவர் மெதுவாகக் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. டிபன் பாக்ஸில் மீதி வைத்தால் தோழிகள் இரண்டு பேருக்கு வீட்டில் அடி விழுமாம். அதனால் தினமும் அவர்கள் சாப்பாட்டையும் இவளே காலி செய்து கொடுக்கிறாளாம். வீட்டுக்கு வரும் அத்தை ஆசையாக வைக்கும் நாலாவது பூரியும் அப்படித்தானாம். 'எம் பொண்ணு எது வெச்சாலும் வேணாம்னு சொல்லாது' என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான்தானே. அவளுக்கு ஜாஸ்தியாக இருந்தது பசி இல்லை, இரக்கம். அது தெரியாமல் குழந்தையைத் தராசில் நிறுத்தியிருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல கண்ணு. எங்க, வேணாம்னு சொல்லு" என்று அந்த அம்மா கரண்டியை நீட்டினார். மகள் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள். மறுபடி நீட்டினார். "வேணாங்க" என்று முனகினாள். பின்னால் யாரோ, "சீக்கிரம்மா" என்று அவசரப்படுத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு முறை நீட்டினார். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள்.

வெட்கத்தில் நன்றிகூடச் சொல்லாமல் மகளை அழைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நடக்கும்போது மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்று அதையும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

மறுநாளே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் பேசினேன். மெஷினைப் பரணில் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் வந்த பௌர்ணமிகளில் அந்த அம்மாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று வழியில் எங்களுக்குச் சோறு போட்டவர்கள் முகம் ஒன்றும் நினைவில்லை. போடாமல் அனுப்பிவைத்த அவரை நினைத்துத்தான் மலையைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்புகிறேன்.