தொட்டிலில் முதலில் படுத்தவர்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதோடு, சாமி விஷயத்தில் இப்படியும் செய்வார்களா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. இன்று காலை, சித்தூரில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வர்ணம் அடிக்க வந்தவர் கதவுக்கென்று வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை என்னை உட்கார வைத்துவிட்டது.

அதே வாசனையில்தான் அன்று ஒரு மரத்தொட்டிலுக்கு மெருகேற்றினேன். நானும் அக்காவும் கிடந்து வளர்ந்த தொட்டில். பங்காருபாளையத்தில் அக்கா வீட்டுப் பரணிலிருந்து, மாங்காய் ஏற்றிய ஆட்டோவில் கொண்டுவந்தது.

என் மனைவி முதல் தடவை உண்டானபோது போனில் ஒரு படம் காட்டியிருந்தாள். பழைய காலத்து முறையில் அலங்கரித்த குழந்தை அறை. வெளிர்பச்சைச் சுவர், மரச்சாமான், பூத்திரை. ‘வின்டேஜ்’ என்றாள். நம் வீட்டில் இருப்பதெல்லாம் அதுதானே என்று சிரித்தேன். அந்தக் குழந்தை தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. மூன்றாவது தடவை ஏழு மாதம் ஆகியும், அந்த அறையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே நடப்பாள். எப்படியாவது அவளை உள்ளே வரவைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

படத்தில் இருந்தபடியே எல்லாம் செய்தேன். நூல்புடவையில் திரை தைத்தேன். சுவரில் கிளிகள் வரைந்தேன். அக்கா பார்க்க வந்தாள்.

“இன்னாடா இது, காக்காவா?”

“கிளிக்கா.”

“அது கெடக்கட்டும். புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி யாராவது தொட்டில் மாட்டுவாங்களாடா? காலித் தொட்டில் வூட்டுக்கு ஆவாது. கழட்டு மொதல்ல!”

ஆசையில் வழக்கத்தை மறந்தே போயிருந்தேன். கழற்றப் போனவன், என்ன தோன்றியதோ, பூஜை அலமாரியிலிருந்த தவழும் கண்ணனை எடுத்துவந்து தொட்டிலில் விட்டேன். உள்ளங்கை அளவு பித்தளைக் கண்ணன்.

“இப்ப காலி இல்லக்கா.”

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அது சரி, அவருக்குப் பால் யாருடா வெப்பாங்க?”

எங்கள் வீட்டில் கண்ணனுக்குத் தினமும் பால் வைப்பவள் என் மனைவி. இதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் மாம்பழக்கூழ் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால், அறைக்கதவு திறந்திருக்கிறது. அவள் உள்ளே உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

“பால் வெச்சுட்டேங்க. ஆட்டாம தூங்க மாட்டேன்றாரு,” என்றாள்.

பிறகு பிரசவம் வரைக்கும் அவள் அந்த அறையிலேயேதான் இருந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். வராந்தா முழுக்கக் கேட்டது அழுகை. கோவிந்தா என்று நான் கத்தியதற்கு நர்ஸம்மா தெலுங்கில் திட்டினார்கள். அது எனக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோதுதான் புதுச் சிக்கல்.

“தூங்கற சாமிய எழுப்பி எடம் கேப்பியா?” என்றாள் அக்கா.

மனைவி தொட்டிலில் கிடந்த கண்ணனிடம் குனிந்தாள். “நைனா, கொஞ்சம் நகுந்துக்கோ. உன் தங்கச்சி வந்துட்டா.”

கண்ணன் அலமாரிக்குப் போனார். முதல் ஆட்டு ஆட்டியது அக்காதான்.

மகள் கேட்ட நீல வர்ணத்தில் இன்று பச்சைச் சுவர் மறைந்துகொண்டிருக்கிறது. திரை நைந்துபோய் வருஷமாகிறது. அந்த அறையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த என் மனைவி இப்போது நாள் முழுக்க மகளோடு அங்கேதான் இருக்கிறாள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடு எதையாவது நீங்கள் அறிந்திருந்தால், அங்கே இதைச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். நாங்கள் பயந்ததையும் விட்டுவிட வேண்டாம்.