எருக்கம்பாலும் எக்ஸ்ரே பிலிமும்

தாராவியில் ஒரு கொட்டகையில் பழைய எக்ஸ்ரே பிலிம்களைக் கழுவும் வேலை எனக்கு. காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீர்த் தொட்டியில் போட்டால் பிலிமின் மேலுள்ள கறுப்புப் பசை கழன்றுவிடும். அதில்தான் வெள்ளி இருந்தது. கூடவே எங்கள் விரல் தோலும் கழன்றது. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் கை முழுக்க வெடிப்பு. கை போனால் வேலையும் போய்விடும்.

அப்போது மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பழைய பிலிம் கேட்டு வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ரயில் பாதையோரச் செடிகளிலிருந்து எருக்கம்பால் எடுத்து, அதில் புரதத்தைக் கரைக்கும் பொருளை மட்டும் பிரிக்கிறாளாம். பிலிமின் பசையும் புரதம்தானாம். ஒரு சொட்டு வைத்தால் தன் சரக்கு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடுமாம். கடைசிவரை அவள் கையுறையைக் கழற்றவில்லை.

பக்கத்துத் தொட்டிக்காரி என் காதில் சொன்னாள்: “பாத்தியளாக்கா? நம்மளத் தொட்டா தீட்டுன்னு ஒறை மாட்டிட்டு வந்திருக்கா.”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் ஒரு பிலிமில் மூன்று சொட்டு வைத்தாள். பச்சைப் பால், பிரித்தது, பிரித்ததைக் கொதிக்க வைத்தது. சற்று நேரம் கழித்துக் கழுவியபோது முதல் சொட்டின் இடத்தில் மங்கலான திட்டு. இரண்டாவதில் கண்ணாடிபோல ஒரு வட்டம். மூன்றாவதில் ஒன்றுமில்லை.

“கொதிச்சா அதோட சக்தி போயிடும்” என்றாள்.

நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “காஸ்டிக்கே வேண்டாமா?” என்று கேட்டுவிட்டேன்.

தண்ணீர் கலந்த பச்சைப் பாலை ஒரு பாட்டிலில் கொடுத்தாள். “ஊற வச்சுப் பாருங்கோ.”

மறுநாள் காலை ஊறப்போட்டேன். சாயங்காலம் கையால் தேய்த்ததும் பசை வழித்துக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் வெடிப்புகளெல்லாம் மிளகாய் பட்டதுபோல் எரிந்தன. விடிந்தபோது விரல்கள் வீங்கியிருந்தன.

அடுத்த முறை வந்தவள் என் கையைப் பார்த்துப் பதறினாள். “ஐயோ அக்கா, வெறும் கையாலயா தொட்டேள்?” தன் உறையை உரித்துக் காட்டினாள். அவள் விரல் நுனிகளும் எங்களுடையவை போலத் தோலுரிந்து சிவந்திருந்தன. “பிலிம் எது, தோல் எதுன்னு அதுக்குத் தெரியாது. நானும் பட்டப்புறம்தான் கிளவுஸ் போட்டுண்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

பக்கத்துத் தொட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டு பிலிமைத் தேய்த்தாள்.

முதலாளிக்கு எருக்கம்பால் பிடிக்கவில்லை. “ஒரு பகல் பூரா ஊறணுமா? காஸ்டிக்ல பத்து நிமிசம். இதெல்லாம் காலேஜுக்குத்தான் லாயக்கு.”

வழக்கமாக அவர் பேசி முடித்ததும் நகர்ந்துவிடுவேன். அன்று நின்றேன். “அப்ப கைக்கு ஒறை வாங்கிக் குடுங்க மொதலாளி.”

“கல்யாணப் பொண்ணா நீ, கையப் பொத்தி வைக்க?”

“கை போச்சுன்னா பிலிம ஆரு கழுவுவா?”

“எனக்கும் சேத்துக் கேளுங்கக்கா” என்று பின்னாலிருந்து பக்கத்துத் தொட்டிக்காரியின் குரல் வந்தது.

முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார். குர்லாவிலிருந்து இரண்டு ஜோடி தடித்த ரப்பர் உறைகள் வந்தன. என் கைக்குப் பெரியவை. மணிக்கட்டில் சணல் கட்டிக்கொண்டு தொட்டியில் கையை விட்டேன்.