வயர்லெஸ் பார்த்தவர் வீட்டு நெட்

எங்கள் வீட்டு நெட் அடிக்கடி அறுந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லிவைத்திருந்தார். ஈரத்துணியால் கம்ப்யூட்டரைத் துடைக்கிறேனாம், வயரை மிதித்துக்கொண்டு நடக்கிறேனாம். அவர் பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்து ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்தவர். அதனால் வீட்டில் கரண்டில் ஓடும் எந்தச் சாமானைப் பற்றியும் நான் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், "எனக்குத் தெரியாததா?" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அதற்கு வைஃபை கிடையாது. பெட்டியின் பின்பக்க ஓட்டையில் நெட் வயரைச் செருகினால்தான் உயிர் வரும். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனதும் அதை நான் எடுத்துக்கொண்டேன். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் இத்தனை வருஷமும் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குச் சொல்லித்தர ஆள் தேவை என்று பார்த்ததும் விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். மிச்சம் ஒரே ஒரு மாதிரி வகுப்பு. அது முடிந்தால் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக என் பெயருக்கென்று ஒரு வேலை.

அந்த வகுப்புக்குப் பத்து நாள் முன்பிருந்தே நெட் படுத்த ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். மோடத்தை அணைத்துப் போட்டார். புது வயர் வாங்கி மாட்டினார். மோடத்தை டிவி ஸ்டாண்டிலிருந்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். நெட் ஆபீசுக்குப் போன் போட்டால் லைன் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

"பொய் சொல்லுதானுவ," என்றார் இவர்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அண்ணன்கிட்ட லேப்டாப் இருக்குல்லா, போய் வாங்கிட்டு வாரேன். இதே வயர அதுல மாட்டிப் பாப்போம். அதுலயும் அறுந்தா லைன்ல கோளாறு. ஓடுச்சுன்னா நம்ம பெட்டியில கோளாறு."

"அவிய வீட்டுக் காதுகுத்துக்கு நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்காம, போன்ல சொன்ன ஆளு. அவிய சாமான் எனக்கு எதுக்கு?"

"கோளாறக் கண்டுபிடிக்கத்தான்."

"எனக்குத் தெரியாததா? ஏட்டி, வயர்லெஸ் பாத்தவன் நான்."

வயரே இல்லாததைப் பார்த்தவருக்கு வயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன காசியா? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

மாதிரி வகுப்பு காலை பதினொரு மணிக்கு. திரைக்கு அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கிற மூன்று பேர். ஒரு தோசையை எட்டாக வெட்டிப் பின்னம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. மூன்று துண்டை எடுத்து வைக்கும்போது சிவப்புக் குறி விழுந்தது. இவர் ஓடிவந்து மேஜைக்கடியில் புகுந்து வயரை ஆட்டினார். வந்தது, போனது. மூன்றாவது தடவை வந்தபோது அங்கிருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: "நல்லா நடத்துறீங்க மேடம். ஆனா கனெக்‌ஷன் நிலையா இல்லாதவங்களை எங்களால எடுக்க முடியாது."

இவர் மேஜைக்கடியிலிருந்து எழுந்தார். "ஈரத்துணி வச்சுத் துடைக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்?"

நான் அடுப்படிக்குப் போய்க் குக்கரை ஏற்றினேன்.

மறுநாள் லைன் பார்க்கிறவர் வந்தார். வந்ததும் எங்கள் வயரைப் பிடுங்கித் தன்னுடைய லேப்டாப்பில் மாட்டினார். அரை மணி நேரம் ஓடவிட்டார், ஒரு தடவைகூட அறவில்லை. நான் சொன்ன அதே சோதனை. பிறகு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் டார்ச் அடித்தார்.

"அண்ணாச்சி, ஓட்டைக்குள்ள என்ன இது, மஞ்சளா அப்பியிருக்கு?"

ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டியதும் சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் மிக்சி, கிரைண்டர், பைக், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் இவர்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். போன பூஜையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்தது போதாதென்று, "உயிர் வர்ற எடத்துக்கும் ஒண்ணு" என்று பின்னாலும் வைத்தார். பன்னீர் விட்டுத் தண்ணீராகக் குழைத்த சந்தனம்.

"அப்ப ஈரத்துணி இல்ல போல," என்றேன்.

"சாமிக்குச் செஞ்சது. அதுல போயி குத்தம் பாக்காத."

லைன்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் திறந்தார். கெட்டுப்போன ஓட்டைக்குப் பதிலாக, வயர் செருகப் புது ஓட்டை உள்ள ஒரு சின்ன கார்டைப் பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து நெட் ஒரு நாளும் அறுந்ததில்லை. அந்த வேலைக்கு நான் மறுபடி மெயில் அனுப்பினேன். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் இவர் பழைய சினிமா பார்க்கிறார். தெருவில் யாரிடமும் சந்தனக் கதையை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் இன்னமும் ஈரத்துணிதான்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வைத்துவிட்டு, விரலில் சந்தனத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

"ஏட்டி, இதுக்கு எங்க வைக்க?"

இத்தனை வருஷத்தில் ஒரு மிஷினைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

விரலில் சந்தனம் காயும்வரை அவர் அங்கேயே நின்றார்.