பெரிய அறையில் பதினொரு நாள்

அச்சுவேலியில் விவசாயிகள் சங்கம் ஒன்று கட்டிய உருளைக்கிழங்கு சேமிக்கிற ஸ்ரோருக்கு நேசமலர் பொறுப்பாளராக வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இருந்த நேரத்தில் சங்கத் தலைவர் கனகலிங்கம் தேடி வந்தார். கிழங்குக்குப் புகையடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார்கள். மருந்தை அளக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

“தங்கச்சி, நீங்கள் அசிட்டோடை புழங்கின ஆள். உது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை,” என்றார் கனகலிங்கம்.

அது உண்மையும்தான். மாசியில் தோட்டங்களில் கிழங்கு கிண்டுகிறபோது எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவருவார்கள், விலை விழுந்துவிடும். வைத்திருந்து விற்கலாமென்றால் யாழ்ப்பாணத்து வெக்கையில் ஒரு மாதத்துக்குள் கிழங்கு முளைத்து, சுருங்கி, மாட்டுக்குப் போடத்தான் மிஞ்சும். அந்த முளையை அடக்குவதற்குத்தான் மருந்து. குளிரூட்டிய பெரிய அறையில் கிழங்கைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, தோல் இறுக இரண்டு கிழமை விட்டு, கதவை மூடி, மெஷினால் வெள்ளைப் புகையை உள்ளே விடவேண்டும். புகை ஒவ்வொரு கிழங்கிலும் படியும். படிந்த கிழங்கு மாதக் கணக்கில் கண் திறக்காது.

நேசமலர் மருந்துக் கானோடு வந்த ஆங்கிலக் குறிப்புத் துண்டை மூன்று தரம் வாசித்தார். சங்கக் கூட்டத்திலும் தமிழில் சொன்னார். மருந்தடித்த அறைக்குள் விதைக் கிழங்கை ஒருபோதும் வைக்கக்கூடாது. மருந்து சுவரிலும் நிலத்திலும் பெட்டிப் பலகையிலும் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் இருக்கும். கழுவினாலும் முழுக்கப் போகாது. அதனால்தான் விதைக்கென்று பக்கத்தில் சின்ன அறை ஒன்றை ஒதுக்கினார்கள்.

முதல் இரண்டு வருஷமும் நன்றாகப் போயிற்று. பங்குனியில் வைத்தபடியே வைகாசியிலும் கல்லுப் போலக் கிடந்த கிழங்கைச் சனம் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தேவாலயத்தில் நன்றிப் பலி நாளன்று போதகர் அவருடைய பெயரைச் சொன்னார். நேசமலருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவரும் அவருடைய பெயரை மேடையில் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் ஐப்பசி முதற் கிழமையில், விதை விற்கிற கம்பனி ஒன்று மூலம் வெளிநாட்டிலிருந்து விதைக் கிழங்கு வந்து இறங்கியது. நூற்றிருபது மூட்டை. சின்ன அறையில் அடுக்கினார்கள். ஒரு மூட்டை ஓரத்தில் கிழிந்து ஐந்து கிழங்கு நிலத்தில் உருண்டது. விதை எப்படி முளைக்கிறதென்று கண்ணால் பார்க்கலாமென்று நேசமலர் அந்த ஐந்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், குசினி யன்னலோரம் ஒரு தட்டில் வைத்தார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியவே பேய்மழை. பத்து மணியளவில் வேலிக்கரைப் பலாமரத்தின் கொப்பொன்று முறிந்து சின்ன அறையின் கூரைச் சீற்றை உடைத்துக்கொண்டு விழுந்தது. நேசமலர் ஆராதனையிலிருந்து நேரே அங்கே ஓடினார். தண்ணீர் மூட்டைகளுக்கு மேலே ஊற்றிக்கொண்டிருந்தது. நனைந்த கிழங்கு இரண்டு நாளில் அழுகிவிடும். கனகலிங்கத்தின் ரெலிபோன் வேலை செய்யவில்லை. மூட்டை தூக்குகிற மூன்று பேர் மட்டும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“எங்கை அக்கா இறக்கிறது?” என்று ஒருவன் கேட்டான்.

தேவாலய மண்டபம் அரை மைலில் இருந்தது. போதகரிடம் கேட்டால் திறந்து விட்டிருப்பார். ஏற்றிப்போக லான்ட்மாஸ்ரர் வண்டி ஒன்று பிடிக்கவேண்டும், மூடப் படங்கு தேடவேண்டும், அதற்குள் பாதி நனைந்துவிடும். பெரிய அறை பத்தடி தூரத்தில் வெறுமையாகக் கிடந்தது. ஆடியில் அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார். இரண்டு மாதம் கதவு திறந்தே கிடந்தது. மூக்கை வைத்துப் பார்த்தால் மணம்கூட இல்லை.

“உதுக்கை வையுங்கோ. இரண்டு நாள்தானே,” என்றார் நேசமலர்.

மழை விடவில்லை. கூரைச் சீற் மாற்ற ஆள் வரவில்லை. இரண்டு நாள் பதினொரு நாளாயிற்று. பன்னிரண்டாம் நாள் மூட்டைகள் முற்றத்துக்கு இறக்கப்பட்டு விதை பங்கிடப்பட்டது; அவை எங்கே கிடந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளுக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரப்பி வைத்து முளை வரட்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முளை வரவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு கிழமை போனது. மழை விட்டு மண் பதமாக நின்றது. நடவேண்டிய நாள் கடந்துகொண்டிருந்தது. கிழங்கின் கண்களில் ஊசிமுனையளவு வெள்ளை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கறுத்துப் போயிற்று. ஆனால் நேசமலரின் குசினி யன்னலில் ஐந்து கிழங்கும் முளைத்திருந்தன. கட்டையான, ஊதா நிற முளைகள். ஒவ்வொன்றிலும் நாலு, ஐந்து. முதன்முதலாக அதைக் கவனித்த காலையில் அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். ஒரே மூட்டைக் கிழங்கு. வித்தியாசம் அந்தப் பதினொரு நாள் மட்டும்தான்.

அன்று பின்னேரமே கனகலிங்கம் கடிதத்தோடு வந்தார்.

“கம்பனிக்காரன் பழங்கிழங்கை எங்கடை தலையிலை கட்டிப்போட்டான், தங்கச்சி. விடக்கூடாது. மாற்று விதை தாவெண்டு எழுதியிருக்கிறம். களஞ்சியத்திலை ஒரு பிழையும் இல்லையெண்டு நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ.”

நேசமலர் கடிதத்தை வாசித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார். பிறகு அந்தக் கணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், தான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரே பதில்தான் அவருக்குக் கிடைத்தது: கனகலிங்கம் அவசரத்தில் நின்றார், பேனாவை நீட்டினார்.

கணவர் ஏர்னெஸ்ட் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யன்னல் தட்டை அவரும் கண்டார்.

“நேசம், ஊரிலை ஒருத்தற்றையும் முளைக்கேல்லையாம். இதென்ன இப்பிடி முளைச்சுக் கிடக்கு?”

நேசமலர் எல்லாவற்றையும் சொன்னார். ஏர்னெஸ்ட் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“இஞ்சேருங்கோ, நான் போய்ச் சொல்லப்போறன்,” என்றார் நேசமலர்.

“சொன்னால் ஆருக்கு நன்மை? கம்பனிக்குத்தானே. அவன் மாற்று விதை தந்தாலும் தருவான். நீ வாய் திறந்தால் அதுவும் இல்லை. உன்ரை மனச்சாட்சிக்காக நூறு குடும்பத்தின்ரை வயித்திலை அடிக்கப்போறியே?”

ஏர்னெஸ்ட் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குப் பின்னால் தானும் ஒளிந்துகொள்ளலாம் என்பதும் நேசமலருக்குத் தெரிந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் ஒன்பது நாள் போனது. ஸ்ரோரில் ஆட்கள் வந்து கதைத்தால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். சனிக்கிழமை பாடகர் பயிற்சிக்குப் போகவில்லை. தடிமன், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்.

ஏழாம் நாள் சுபாஜினி வந்தாள். முப்பத்தைந்து வயது, கணவன் கொழும்பில் மேசன் வேலை. குத்தகைக்கு எடுத்த, அரை ஏக்கரளவான எட்டுப் பரப்புத் தோட்டத்தை அவள் ஒருத்தியாகவே பார்த்தாள். சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்து சாக்கிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினாள்.

“நேசமக்கா, நீங்கள் படிச்ச ஆள். இது மண்ணுக்கை போனால் முளைக்குமோ? நான் இன்னும் எவ்வளவு நாளைக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது? அடியுரமும் போட்டு, வரிசை வரிசையாச் சாறி இழுத்து வைச்சிட்டன்.”

நேசமலர் அந்தக் கிழங்கை வாங்கிப் பார்த்தார். கண்கள் கறுத்திருந்தன.

“பாப்பம் பிள்ளை,” என்றார். “சிலவேளை வரும்.”

அவ்வளவுதான் சொன்னார். சுபாஜினிக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த நாள் விடியற்காலையிலேயே இரண்டு பெண்களைக் கூலிக்குப் பிடித்து எட்டுப் பரப்பும் நட்டு முடித்துவிட்டாள். அவள் நடுவதைப் பார்த்து, “ஸ்ரோர் அக்காவே சொல்லிப்போட்டா” என்று இன்னும் நாலைந்து பேர் நட்டார்கள். நேசமலர் இதைச் சந்தையில் கருவாட்டுக் கடையடியில் வைத்துக் கேள்விப்பட்டார். யாரோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்க எடுத்த கருவாட்டை அப்படியே திரும்ப வைத்துவிட்டு அவர் விவசாயப் போதனாசிரியரின் அலுவலகத்துக்கு நடந்தார்.

போதனாசிரியர் றஜிதா இளம்பெண். நேசமலர் கைப்பையைத் திறந்து, சில நாளாக அதற்குள்ளே கொண்டுதிரிந்த வீட்டுக் கிழங்கு ஒன்றையும் ஸ்ரோர்க் கிழங்கு ஒன்றையும் மேசையில் வைத்தார். நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். றஜிதா ஸ்ரோர்க் கிழங்கைக் கத்தியால் வெட்டினாள். ஒரு கண்ணின் கீழே முளை வெளியே வராமல் சதைக்குள்ளேயே திரும்பி வளர்ந்திருந்தது.

“அன்ரி, இது மருந்துதான். கிழங்கிலை பிழையில்லை.”

“மண்ணிலை வைச்சால்?”

“நாலிலை ஒண்டு வரும். மற்றதெல்லாம் அழுகும். நடாத ஆக்களை உடனை மறியுங்கோ. வெங்காயத்துக்கும் பீற்றூட்டுக்கும் இன்னும் நாள் கிடக்கு.”

அடுத்த நாள் பின்னேரம் சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டவரே நேசமலர்தான். அறுபது பேரளவில் வந்தார்கள். கனகலிங்கம் மேசையில் தட்டி எல்லோரையும் அமைதியாக்கி, முகமெல்லாம் சிரிப்பாக முதலில் தானே எழும்பினார்.

“கம்பனியிலையிருந்து கதைச்சவை. ஆள் அனுப்பிப் பாக்கினமாம். அரைவாசி விதையெண்டாலும் வரும்போலை கிடக்கு.”

சிலர் கைதட்டினார்கள். நேசமலர் எழுந்தார். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கம்பனியிலை பிழையில்லை. விதையை நான் மருந்தடிச்ச அறைக்கை வைச்சனான். மழையெண்டு வைச்சனான். பதினொரு நாள் இருந்தது. கையெழுத்து வைக்கேக்கையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வைச்சனான். இன்னும் நடாத ஆக்கள் நடவேண்டாம்.”

எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கனகலிங்கத்தின் முகம் கறுத்துப்போயிருந்தது.

“சொல்லுறதெண்டால் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். இல்லையெண்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேணும். இப்ப சொல்லி ரண்டையும் கெடுத்துப்போட்டியள், தங்கச்சி.”

“ஓம், அண்ணை,” என்றார் நேசமலர்.

கடிதம் திருப்பி வாங்கப்பட்டது. கம்பனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஸ்ரோரின் பூட்டுத் திறப்பை அடுத்த நாள் காலையில் அவரே கொண்டுபோய்க் கனகலிங்கத்தின் மனைவி கையில் கொடுத்தார். நடாதவர்கள் அந்தக் கிழமையே வெங்காயமும் பீற்றூட்டும் வைத்தார்கள். அவர்களில் சிலர் பிறகு வழியில் கண்டால் தலையசைத்தார்கள். ஒருவர் மட்டும், வயதான மனிதர், பஸ் தரிப்பில் பக்கத்தில் வந்து நின்று, “சொன்னது நல்லதுதான் பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். கனகலிங்கம் எதிரே வந்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதில்லை. ஏர்னெஸ்ட் அதைப் பற்றி மறுபடி கதைக்கவே இல்லை. ஒருநாள் காலையில் மட்டும் அவரே தேநீர் ஊற்றி யன்னலடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

நட்டவர்கள்தான் மிச்சம்.

மார்கழி முதற் கிழமை நேசமலர் சுபாஜினியின் தோட்டத்துக்குப் போனார். செம்பாட்டு மண்ணில் கிழங்கு நட்ட சாறி வரிசைகள் நேர்கோடாக ஓடின. அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள்; சில நல்ல பச்சை, சில சுருண்டவை. நடுவிலெல்லாம் வெறும் மண். சுபாஜினி ஒரு ஓரத்தில் குந்தியிருந்து முளைக்காத இடங்களைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அழுகின கிழங்கின் நாற்றம் காற்றில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாருங்கோ என்று சொல்லவில்லை.

நேசமலர் செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு அடுத்த சாறியில் இருந்து கையால் கிண்டத் தொடங்கினார். கிழங்குகள் சிலது கூழாகிவிட்டிருந்தன. சிலது வைத்தபடியே கல்லாக இருந்தன. அவைதான் அவரை அதிகம் வருத்தின. இரண்டு சாறி முடிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் சுபாஜினிதான் கேட்டாள்.

“நான் கிழங்கைக் கொண்டுவந்து காட்டேக்கை உங்களுக்குத் தெரியுந்தானே?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டே ‘சிலவேளை வரும்’ எண்டனீங்கள்.”

“ஓம், பிள்ளை.”

சுபாஜினி கையிலிருந்த கிழங்கைக் ஓலைக் கடகத்துக்குள் எறிந்தாள். அழுவாள் என்று நேசமலர் நினைத்தார். அவள் அழவில்லை.

“மழை பெய்தது, வைச்சியள். அது எனக்கு விளங்குது. நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆனால் உங்களைக் கேட்டுத்தான் நான் நட்டனான், அக்கா. வேறை ஒருத்தரையும் கேக்கேல்லை.”

நேசமலர் தலையைக் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தார். விரல் நகங்களுக்குள் மண் ஏறி எரிந்தது. மத்தியானம் திரும்பும்வரை இருவருமாக ஐந்து சாறியைத் துப்புரவாக்கினார்கள். சுபாஜினி போத்திலிலிருந்த தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, நேசமலரிடமும் நீட்டினாள். நேசமலர் வாங்கிக் குடித்தார்.

“மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன். நாளைக்கு வரவேண்டாம்,” என்றாள் சுபாஜினி.

நேசமலர் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு வரம்பால் நடந்தார். தார் றோட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். சுபாஜினி அடுத்த சாறியில் குந்திவிட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் இருபது சாறி கிடந்தது.