சோதனைச் சாவடியில் திறக்க மறுத்த கூரை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மாலை, தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குத் திரும்பும் வழியில், நாவுலையை அண்மித்த ஒரு சோதனைச் சாவடியில் இது நிகழ்ந்தது. அன்று காரில் என்னோடு இருந்தவர் என் மனைவி மட்டுமே.

அப்போது நான் மாத்தளையில் அரச அலுவலராக இருந்தேன். நான் பிறந்த ஊர் வடக்கே உள்ளது என்பதை என் அடையாள அட்டை சொல்லும். போர் நடந்த அந்த ஆண்டுகளில் வீதிப் பயணம் செய்த எங்களைப் போன்றோருக்கு அட்டையின் அந்த ஒரு வரி எத்தனை பாரமாக இருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எங்களிடம் இருந்தது, என் மைத்துனர் நாட்டைவிட்டுச் சென்றபோது எங்கள் பொறுப்பில் விட்டுச்சென்ற பழைய ஆங்கிலேயக் கார். அதன் கூரை தடித்த துணியாலானது. ஓட்டுநருக்கு முன்னால் இருந்த ஆளியை, பேச்சுவழக்கிற் சொன்னால் சுவிச்சை, அழுத்தினால் கூரை தானாக எழுந்து, மடிந்து, பின்னிருக்கைக்கு அப்பால் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்ப்பவர்க்கு அது வேடிக்கை. பராமரிப்பவர்க்கோ ஓயாத தலைவலி. பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு சிறிய மின்மோட்டாரும் அதனோடு பொருந்திய ஒரு திரவக் கிண்ணமும் உண்டு. மோட்டார் சுழலும்போது கிண்ணத்திலுள்ள திரவம் குழாய்கள் வழியே இருபுறத்து உருளைகளுக்குள் தள்ளப்படும். அந்த அழுத்தமே கூரையை அசைக்கும். எங்கள் காருக்கு ஊற்ற வேண்டியது பிரேக் ஒயில். வேறெதையும் ஊற்றினால் உருளைகளுக்குள் இருக்கும் இறப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும் என்று மைத்துனர் கண்டிப்பாகச் சொல்லிச் சென்றிருந்தார்.

வளையங்களுக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது. இடப்புற உருளை மெல்லக் கசியும். திரவம் குறைந்தால் குழாய்க்குள் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும், கூரை அசையாது. ஆகவே சனிக்கிழமைதோறும் காற்றை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் ஆளியை மாறி மாறி அழுத்திக் கூரையை ஏற்றி இறக்க, மற்றவர் கிண்ணத்திற் குமிழிகள் அடங்கும்வரை திரவத்தை ஊற்றிக்கொண்டிருப்பார். ஊற்றுவது நான். ஆளி என் மனைவியின் பொறுப்பு.

"அமத்தட்டோ?"

"பொறும்."

"இப்ப?"

"பொறும் எண்டெல்லே சொன்னனான்."

"சோறு அடுப்பில கிடக்குது. அந்தக் காத்திட்டைச் சொல்லுங்கோ, கெதியா வெளிக்கிடச் சொல்லி."

இத்தனை பாடுபட்டு அந்தக் கூரையை நாங்கள் பேணியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காரை நிறுத்தியவுடன் நான் கூரையைத் திறந்துவிடுவேன். உள்ளே யார், என்ன என்பது ஒரே பார்வையிற் சிப்பாய்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கும் அது பிடித்துப்போனது. கூரை எழும்போது தோழர்களைக் கைதட்டி அழைத்துக் காட்டுவார்கள். சிரிப்பவர்களிடம் அட்டையை நீட்டுவது சற்று எளிது. ஆயிரம் விளக்கங்களைவிட அந்தக் கூரை எங்களுக்கு நற்சான்றாக இருந்தது என்றே சொல்வேன்.

அன்று தம்புள்ளையில் என் அலுவலக நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமணம். என் மனைவி அரக்கு நிறப் பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். விருந்து முடிந்து புறப்படும்போதே தெற்கே வானம் கறுத்துவிட்டது. நாவுலையை நெருங்கும் அந்தச் சாவடியில், காலையில் எங்களைப் பார்த்துக் கையசைத்த சிப்பாய்களைக் காணவில்லை. நண்பகலில் அணி மாறியிருக்க வேண்டும். புதியவர்களின் முகங்களில் இறுக்கம் தெரிந்தது.

வழமைபோலக் காரை நிறுத்தினேன். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கூரையைப் பிணைத்திருக்கும் கொளுவிகளுள் ஒன்றை நானும் மற்றதை என் மனைவியும் விடுவித்தோம். ஆளியை அழுத்தினேன். மோட்டார் உறுமியது. கூரை ஒரு சாண் உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. உறுமல் மட்டும் நிற்கவில்லை.

கூரை உயர்வதைக் கண்டு, எங்கிருந்தோ ஓர் இயந்திரம் இரைவதையும் கேட்ட இளஞ்சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை உயர்த்திக் கத்தினான். கைகளை மேலே தூக்கியபடி இறங்கினேன். மற்றவர்கள் ஓடிவந்து பின்னிருக்கையைக் கழற்றினார்கள். அங்கே மோட்டார், கிண்ணம், குழாய்கள், மின்கலத்திலிருந்து வரும் தடித்த கம்பிகள். பிறகு பின்பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள் நான் எப்போதும் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் பொருள்கள்: குறடு, வெட்டிய கம்பித் துண்டுகள், மிகுதிக் குழாய், பிரேக் ஒயில் நிறைத்த ஒரு பழைய பானகப் போத்தல். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் என்பதால் போத்தலின் வாயை மெழுகால் அடைத்திருந்தேன். எங்கள் பாதுகாப்புக்காக நான் பேணிவந்த அத்தனையும் தரையில் வரிசையாக வைக்கப்பட்டபோது, எனக்கே அவை வேறொன்றாகத் தோன்றின.

பொறுப்பாக இருந்தவர் நடுவயதுச் சார்ஜன்ட் ஒருவர். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடம் எழுதப்பட்ட வரியில் அவரது விரல் நின்றது. நான் சிங்களத்தில் விளக்கினேன். இது கூரையைத் திறக்கும் பொறி, போத்தலில் இருப்பது பிரேக் ஒயில் என்றேன். மெழுகால் அடைத்த போத்தலில் யார் ஒயில் வைப்பார்கள் என்று கேட்டார். ஆளியை அழுத்திக் காட்ட அனுமதி தாருங்கள் என்றேன்.

"அதை அழுத்தினால் கூரைதான் திறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், மாத்தயா?" என்று மரியாதை குறையாத சிங்களத்திற் கேட்டார்.

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

முகாமிலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதன்பின் எங்களை விசாரணைக்கு அழைத்துச் செல்வார்கள் என்றார். விசாரணைக்கென்று சென்று எப்போது திரும்புவார் என்று வீட்டார் அறியாதிருந்த இருவரை எனக்கு நேரிலேயே தெரியும். முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மனைவியைப் பார்த்தேன். அவரை இறங்கச் சொல்லிச் சிப்பாய் இருமுறை சைகை காட்டியும் அவர் அசையவில்லை.

இதற்குள் எங்களுக்குப் பின்னால் காய்கறி லொறிகள் நீளமாக நின்றுவிட்டன. முதல் லொறியின் சாரதி, தலையில் தொப்பி அணிந்த பருத்த உருவத்தினர், கதவிலிருந்து பாதி உடலை வெளியே நீட்டி என்னை நோக்கிக் கூவினார்.

"என்ன சேர், இன்னக்கித் தொறக்காதா? ஒங்கட கூரய பாத்துக்கிட்டே என்ட கத்தரிக்காயெல்லாம் முத்திப் போகப் போகுது!"

பிறகு அதே குரலில் சார்ஜன்டிடம் சிங்களத்தில், மாத்தளை நகரில் இந்தக் காரைத் தெரியாத ஆளே இல்லை, தங்கள் கடைத்தெருவில் கூரையைத் திறந்துகொண்டு இவர் போகும்போது தம் பேரப்பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள் என்றார். சார்ஜன்ட் அவரை வாயை மூடச் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ தளர்ந்திருந்தது.

அதைப் பற்றிக்கொண்டு நான் மீண்டும் பேசினேன். கிண்ணத்தில் திரவம் குறைந்துவிட்டது. என் போத்தலில் ஐயம் இருந்தால் அதைத் தொட வேண்டாம். எந்த லொறியிலாவது திறக்கப்படாத பிரேக் ஒயில் தகரம் இருக்கும், அதை நீங்களே திறந்து முகர்ந்து பார்த்துத் தாருங்கள், உங்கள் கண்முன்னே ஊற்றுகிறேன் என்றேன். லொறிச் சாரதி காத்திருந்தவர்போலத் தம் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு புதுத் தகரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். சார்ஜன்ட் அதைத் திறந்தார், முகர்ந்தார், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"யார் ஆளியை அழுத்துவது?" என்றார்.

நான் பின்னால் நின்று ஊற்ற வேண்டும். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சார்ஜன்டின் பார்வை லொறிச் சாரதியின் மேல் விழுந்தது.

"யா அல்லாஹ்! என்னய பாக்காதீங்க மாத்தயா" என்று அவர் தமிழிலேயே பதறினார். "கலியாணம் முடிச்சுக் கொடுக்க வீட்டுல எனக்கு நாலு கொமரு ஈக்கிது!"

அப்போது முன்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, ஏன் நிண்டு முழுசிறியள்? ஊத்துங்கோ. நான் அமத்துறன்."

அவர் பட்டுச் சேலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தார். சார்ஜன்ட் எல்லோரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போகச் சொன்னார். என் மனைவியிடம், "நோனா, நீங்கள் இறங்குங்கள். வேண்டுமானால் மாத்தயா தனியாகச் செய்யட்டும்" என்றார்.

"இது எப்போதும் நான் செய்கிற வேலை" என்று என் மனைவி தமக்குத் தெரிந்த சிங்களத்திற் சொன்னார். "அவருக்கு ஊற்ற மட்டுந்தான் தெரியும்."

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். காதிலே தோடு, கழுத்திலே தாலிக்கொடி, மடியிலே கல்யாண வீட்டுப் பலகாரப் பை. மண்மூட்டைகளின் பக்கம் போகத் திரும்பியவர் போகவில்லை. நடந்து வந்து, காரின் கதவில் ஒரு கையை ஊன்றி, என் மனைவியின் அருகில் நின்றுகொண்டார். என்னிடம் வாங்கி வைத்திருந்த கார்த் திறப்பை, அந்தச் சாவியை, அவர் கையிற் கொடுத்தார்.

கிண்ணத்தை நிறைத்தேன். அவசரத்தில் பாதி ஒயில் வெளியே வழிந்தது. எஞ்சின் இயங்கியது.

"அமத்தட்டோ?"

தலையை அசைத்தேன்.

மோட்டார் உறுமியது. கூரை நடுங்கிற்று, ஒரு முழம் எழுந்து நின்றது, கிண்ணத்துக்குள் குமிழிகள் பொங்கின. மண்மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ துப்பாக்கியின் கொண்டியை இழுக்கும் ஓசை கேட்டது. "நிப்பாட்டும்" என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, என் மனைவி சனிக்கிழமைக் குரலில், "காத்து இன்னும் போகேல்லை. ஊத்துங்கோ, ஊத்துங்கோ" என்றார். இறக்கினார். மீண்டும் ஏற்றினார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ குமிழிகள் அடங்கின. கூரை ஒருமுறை குலுங்கி, எழுந்து, வானத்தை மறைத்து நிமிர்ந்து, பின் மெல்ல மடிந்து எங்களுக்குப் பின்னால் போய்ப் படுத்தது.

லொறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒலிப்பானை அழுத்தின. துப்பாக்கியை நீட்டிய இளஞ்சிப்பாய் மண்மூட்டையின்மேல் ஏறிநின்று சிரித்தான். இன்னொரு முறை செய்துகாட்டச் சொல்லிக் கேட்டான். சார்ஜன்டும் புன்னகைத்தார். "மூடுங்கள் பார்ப்போம்" என்றார்.

என் மனைவி ஆளியை மறுபுறம் அழுத்தினார். 'பட்' என்ற ஓசையோடு ஒரு குழாய் பிளந்து, மிஞ்சியிருந்த ஒயில் முழுவதும் சார்ஜன்டின் சப்பாத்துகளின்மேற் பாய்ந்தது. அவர் காலைக் குனிந்து பார்த்தார். "சரி, பிரேக் ஒயில்தான்" என்றார்.

அதே கணத்தில் மழை தொடங்கியது.

அடையாள அட்டைகளை அவர் என் சட்டைப் பைக்குள் தாமே வைத்து, நனையாமற் பொத்தானையும் இட்டுவிட்டார். முகாமுக்கு அறிவித்து, வரவேண்டாம் என்று சொல்லச் சிப்பாய் ஒருவனை அனுப்பினார். லொறிச் சாரதி தம் கத்தரிக்காய் மூட்டைகளை மூடியிருந்த படங்குகளில் ஒன்றை உருவி எங்களிடம் எறிந்தார். "கடைத்தெருவுல கொண்டாந்து தாங்க சேர். ஆனா இனி எனக்கு முன்னுக்குப் போகாதீங்க!"

திறந்த காரில், கொட்டும் மழையில், மாத்தளைக்குச் சென்றோம். என் மனைவி படங்கைத் தலைமேல் இழுத்துப் பிடித்திருந்தார். காற்று அதை இழுத்துக்கொண்டே இருந்தது. வழியில் இருந்த அடுத்த சாவடியில் நனைந்து நின்ற சிப்பாய், நனைந்து வந்த எங்களைப் பார்த்துச் சிரித்து, நிறுத்தாமற் போகச் சொன்னான். நகரை நெருங்கியதும் எனக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அழுகையும் கலந்திருந்தது, மழையில் அது தெரிந்திராது.

"இறங்கச் சொல்லேக்க ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

"நல்ல கதை. நான் இறங்கினா கூரை முதற்தரம் நிண்டவுடனேயே நீங்கள் விட்டிருப்பியள். சீலை போச்சு, அதைச் சொல்லுங்கோ."

சேலை உண்மையிலேயே போய்விட்டது. அரக்குச் சாயம் இருக்கைத் துணியெல்லாம் ஊறியிருந்தது. அடுத்த மாதமே புதிய குழாய்களையும் வளையங்களையும் மைத்துனர் தபாலில் அனுப்பிவைத்தார். படங்கைத் திருப்பிக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போனபோது அந்தச் சாரதி கூரையைத் திறந்து காட்டச் சொல்லி, பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து நிறுத்தினார். அந்தச் சார்ஜன்டை நான் பிறகு காணவில்லை. என் சொல்லை நம்புவதற்கு அன்று அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. என் அருகில் ஒருவர் இறங்க மறுத்து அமர்ந்திருந்ததைப் பார்த்தே அவரும் எங்கள் அருகில் வந்து நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த மழையிற் கிடைத்த நிம்மதி மூச்சு எனக்கு இன்னொரு முறை கிடைக்கிறது.