சாப்பாட்டுக்கு முன் ஒரு தப்பு

மாங்காட்டில் என் கிளினிக்கில் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் சங்கக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: டாக்டர் சுலோச்சனா அம்மா போய்விட்டார். டார்ச்சை அணைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் சங்கம் நாடு முழுக்க இருக்கிறது. எங்காவது ஒரு மருத்துவரை அடித்தால் கூடுவோம். பிடிக்காத சட்டம் வந்தால் கறுப்புப் பட்டை கட்டுவோம். ஆவடியில் நம் கிளைக்கு மட்டும் இன்னொரு வழக்கம் உண்டு. செயலாளராக இருந்த அம்மா தொடங்கியது. மாதக் கூட்டத்தில் பிரியாணி அண்டாவைத் திறக்கும் முன் ஒருவர் எழுந்து, தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். "நம்மள காப்பாத்த மட்டும் சங்கம் இல்லப்பா, நம்மகிட்டேருந்து நோயாளிய காப்பாத்தவும்தான்" என்பார்.

முதல் தப்பு அவருடையதுதான். ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் ஊசி போட்ட கதையைச் சொன்னார்.

என் முறை வந்தால் நான் தயிர்ப்பச்சடியைப் பார்த்தபடி, "பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்று நழுவுவேன். "சார் சொக்கத் தங்கம்" என்று நீங்களெல்லாம் கிண்டலடிப்பீர்கள். அம்மா சிரிக்க மாட்டார். "சரி, அடுத்த மாசம்" என்று, தப்புகளை எழுதிவைக்கும் நோட்டில் என் பெயருக்கு நேராக இடம் விட்டுவைப்பார்.

நான் சொன்னது பச்சைப் பொய். ஆறு வருடங்களுக்கு முன் ஐயப்பன்தாங்கல் ஏழுமலை நெஞ்செரிச்சல் என்று என்னிடம் வந்தார். அன்று நல்ல கூட்டம். ஈசிஜி எடுக்காமல், வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அது மாரடைப்பு, வேறு யாரோ காப்பாற்றினார்கள் என்று ஒரு வாரம் கழித்து மருந்துக்கடையில் சொன்னார்கள். போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வெட்கங்கெட்டவன் நான்.

அம்மாவின் வீட்டு வாசலில் மாலையோடு நின்றிருந்தார் ஏழுமலை. நான் திரும்பிவிடப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"இன்னா டாக்டர், நல்லாக்கீறீங்களா? அன்னிக்கு அம்மாதான் என்னை அவங்க கார்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. நீங்க குடுத்த மருந்து சீட்டையும் பாத்தாங்க. நான் சண்டைக்குப் போறேன்னேன். 'வாணாம், அவரே வந்து சொல்லுவாரு'ன்னாங்க. ஆறு வருசமா பாத்துகினுகீறேன். நீங்க வரவே இல்லியே, சார்."

அங்கேயே அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாம் தெரிந்துதான் அம்மா மாதாமாதம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அவர் எனக்கு விட்டுப்போனது நோட்டில் அந்த வெற்றிடம். இந்த அஞ்சலியை அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழுமலையையும் இன்று கூட்டத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் தட்டு அவருக்கு. இப்போது அண்டாவைத் திறக்கலாம்.