பறக்கப் போவதாகச் சொல்ல ஒன்பது பக்கங்கள்

விமானம் ஓட்டுவது அத்தனை கஷ்டமில்லை. ஓட்டப் போகிறேன் என்று முன்கூட்டித் தெரிவிப்பதுதான் கஷ்டம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில், சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். எந்த விமானம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்று ஒவ்வொரு முறையும் இணையத்தில் பயணத் திட்டம் பதிய வேண்டும். அனுமதி எண் வந்த பிறகுதான் சக்கரம் உருளலாம்.

நாங்கள் பதியும் தளம் பல வருஷமாக ஒரே பக்கமாக இருந்தது. ஆறு நிமிஷ வேலை. இந்த மாதம் முதல் தேதி காலையில் திறந்து பார்த்தால் அது ஒன்பது பக்கமாகியிருந்தது. வங்கியிலோ ரயில் டிக்கெட்டிலோ இப்படி ஒரு காலையைப் பார்த்தவர்கள் நீங்களும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும்.

வழவழப்பான முதல் நாள்

முதல் பக்கத்தில் ஒரு நீல வானம். அதில் ஒரு குட்டி விமானம் இடமிருந்து வலமாகப் போகும். அது போய்ச் சேரும்வரை எதையும் தட்ட முடியாது. பக்கத்து மேஜை ஹேமலதா அதை மூன்று முறை பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

போன முறை பதிந்ததை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் பொத்தான் முன்பு இருந்தது. அதைத் தேடினோம். இல்லை. உதவி எண்ணுக்கு ஹேமலதா போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண், தளம் இப்போது மிகவும் எளிமையாகிவிட்டது என்று மூன்று மொழியில் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஹேமலதா சொன்னாள்: "அக்கா, எளிமையாச்சுன்னு அவங்களே போன்ல சொல்ல வேண்டியிருக்குதுன்னா, நம்ம கதி என்னன்னு பாத்துக்கோ."

எட்டு நிமிஷ லாபம்

குப்பத்தில் கிரானைட் வியாபாரம் செய்யும் கங்காதரம் அடிக்கடி புட்டபர்த்திக்குப் பறப்பார். இங்கிருந்து அங்கே நேர்கோடு போட்டால் அது திருமலை மேல் போகும். கங்காதரம் அந்த மலைக்கு மேல் பறக்க மாட்டார். யாரும் சொல்லி அல்ல, அவராக வைத்துக்கொண்ட வழக்கம். தெற்கே இறங்கி, சித்தூரைச் சுற்றிக்கொண்டுதான் மேற்கே திரும்புவார்.

புதிய தளத்துக்கு இது பிடிக்கவில்லை. நான் வளைத்துப் போட்ட வழியை ஒவ்வொரு தடவையும் அது நேராக்கியது. "இதைவிடக் குறுகிய வழி உள்ளது. எட்டு நிமிடம் மிச்சம்" என்று பச்சை எழுத்தில் பெருமையாகக் காட்டியது. வேண்டாம் என்று அழுத்தினால் நான்காம் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஐந்தாவது தடவை கங்காதரம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏமம்மா, சாமி தலைமேல ஏறிப் போயி மிச்சம் பண்ண எட்டு நிமிஷத்தை நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

டாக்டரின் கழித்தல் கணக்கு

சித்தூரில் பல் மருத்துவமனை நடத்தும் டாக்டர் சாமுவேலுக்கு இந்த மாதம் முக்கியமானது. அவருக்குச் சர்க்கரை. அடுத்த மாதம் இன்சுலின் ஊசி தொடங்கப் போகிறார்கள். தொடங்கிவிட்டால் விமானம் ஓட்டுவதற்கான மருத்துவச் சான்றை மறந்துவிட வேண்டியதுதான். இருபது வருஷம் ஓட்டியிருக்கிறார். அவருடைய மனைவி கிரேஸ் அம்மா ஒரு நாளும் ஏறியதில்லை. பயம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தேவாலயத்தில் மாடிப்படி ஏறிப் பாடகர் வரிசையில் நிற்கவே தயங்குகிறவர். இந்த மாதம்தான், ஒரே ஒரு தடவை, சித்தூர் வரை போய்த் திரும்ப ஒப்புக்கொண்டிருந்தார்.

விமானத் தொழிலில் உலகம் முழுவதும் ஒரே நேரம்தான் எழுதுவோம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது கிடைக்கும். டாக்டர் இதை மனசிலேயே கழிப்பார். மாலை மூன்றரைக்குப் புறப்பட வேண்டும், அதனால் போனில் "சிஸ்டர், பத்து மணி போட்டுடுங்க" என்றார். நானும் பத்து என்று பதிந்தேன். புதிய தளம் எங்கள் சிரமத்தைக் குறைப்பதற்காக உள்ளூர் நேரத்தைக் கேட்கத் தொடங்கியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவர்கள் மூன்று மணிக்கு வந்து நின்றபோது, காலை பத்து மணிக்கு யாரும் வராததால் திட்டம் காலாவதியாகியிருந்தது. மறுபடி பதிந்து முடிப்பதற்குள் சித்தூர் பக்கம் மேகம் திரண்டுவிட்டது.

தவறு என்னுடையதும்தான் என்று மன்னிப்புக் கேட்டேன். கிரேஸ் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்: "வயித்தைப் பொரட்டும்னு காலைலேருந்து ஒண்ணும் துன்னாம வந்துக்கிறேன். இப்பவாவது ரெண்டு இட்லி வாங்கிக் குடுப்பீங்களா, இல்ல அதுக்கும் ஒம்போது பக்கம் இருக்குதா?"

சின்ன எழுத்து

அடுத்த இரண்டு வாரமும் மழை. மாதத்தின் கடைசி நாள் வானம் தெளிந்தது. இருவரும் இரண்டரைக்கு வந்தார்கள். சூரியன் மறைவதற்குள் திரும்பி இறங்கிவிட வேண்டும். புறப்பட ஒரு மணி நேரம் முன்பே பதிந்துவிட வேண்டும். அதாவது, மூன்றே முக்காலுக்குள் அனுமதிக்கு அனுப்பாவிட்டால் டாக்டர் மனைவியோடு பறப்பது இந்த ஜென்மத்தில் இல்லை.

இந்த முறை நேரத்தைச் சரியாகப் போட்டேன். ஒன்பதாம் பக்கம் சிவப்பானது. எங்கே தவறு என்று சொல்லாமல் சிவப்பானது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி சிவப்பு. டாக்டர் ஒரு பக்கம், ஹேமலதா ஒரு பக்கம், எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். மணி மூன்றரை.

"தள்ளுங்க" என்றார் கிரேஸ் அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டம் அது. "இங்க சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குது, யாராவது படிச்சீங்களா? விமானத்துல போறவங்க பேரு இதுல வரக்கூடாதாம். இங்க என் பேரு இருக்குது."

அது எங்கள் பழைய பதிவிலிருந்து தானாக வந்து உட்கார்ந்த பெயர். நாங்கள் யாரும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. போன தடவை இல்லாத அந்தச் சின்ன எழுத்து, மழை பெய்த இரண்டு வாரத்தில் எப்போதோ சேர்ந்திருந்தது.

"ஏங்க, இருபது வருஷமா இதுல என் பேருதானா?"

"வேற யாரு பேரைப் போடுவேன், கிரேசு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்: "அம்மா, உன் பேரைப் போட்டுக்கோ. இன்னிக்கு ஒரு நாளாவது அந்த வேலை எனக்கு வேணாம்."

மூன்று மணி நாற்பதுக்குத் திரை பச்சையானது.

என் பெயர் உள்ள கட்டம்

எத்தனையோ விமானங்களை அனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவேன். அன்று போகவில்லை. வெயில் சாயச் சாய, கையில் இருந்த போனை ஹேமலதா இரண்டு முறை வாங்கி மேஜைமேல் வைத்தாள்; இரண்டு முறையும் நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்கு மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது.

கிரேஸ் அம்மா புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். டாக்டர் என்ஜினை நிறுத்திய பிறகும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். வீடு தெரிந்ததா, தேவாலயம் தெரிந்ததா என்று ஹேமலதா கேட்டாள்.

"பாதி வழி கண்ண மூடிக்கினுதாம்மா இருந்தேன்" என்றார் கிரேஸ் அம்மா. "ஆனா கீழ உக்காந்து பயப்படறதுக்கு, மேல உக்காந்து பயப்படறது எவ்வளவோ தேவல."

கிரேஸ் அம்மாவைப் போல விமானமே ஓட்டத் தெரியாதவர்களுக்காகத்தான் அந்தத் தளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டதால், இப்போது எங்களுக்கு அதன்மேல் பெரிதாகக் கோபம் இல்லை.